திரும்பி வந்த மோர்ப் பானை

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய், நானே பார்க்கிறேன். தினமும் காலையில் ஓசூரிலிருந்து பஸ்ஸில் பாகலூர் வந்து இறங்கி, டீக்கடையில் நிறுத்தி வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, என் வாசல் வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாய். முன்பெல்லாம் இறங்கி ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டுப் போவாய். மரகதம் டீச்சர் நம் வீட்டுப் பின்கட்டு அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து உன் சைக்கிளுக்கு வேகம் கூடிவிட்டது. வலது தோளைத் தூக்க முடியாமல் நான் மாசக்கணக்கில் அவதிப்படுகிறேன். அது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ நின்று கேட்டதில்லை. வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய், எனக்குக் கெட்ட வார்த்தை வரும். அதனால்தான் ஐந்தாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடத்துப் பியூன் சென்னப்பா இதை இன்றைக்கு ராத்திரியே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். உறையை நான் ஒட்டவில்லை. அவன் படித்தாலும் சரி, உன் ஆசிரியர்கள் அத்தனை பேரும் படித்தாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மருமகளோடு வந்து கிரகப்பிரவேசப் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாய். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னாய்: “இங்க ஒண்டியா கெடந்து என்னம்மா பண்றே? வூட்டப் பூட்டிட்டு எங்களோட வந்துடு. ஒனக்குன்னு தனி ரூமே கட்டியிருக்கேன்.” நான் கேட்டேன்: “பின்கட்டுல இருக்கிற பொண்ணு எங்க போவும்?” நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, “அது அவங்க பாடும்மா. வேற எடம் பாத்துக்குவாங்க” என்றாய். மருமகள் உன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அவளுக்காவது கொஞ்சம் கூச்சம் இருந்தது. வேறு இடம் எங்கே இருக்கிறது, சொல். இந்த ஊரில் அவள் ஏறி இறங்காத வீடு கிடையாது. காலியாக இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் குடித்தனக்காரர்கள் வந்துவிட்டார்கள், சாவிகளெல்லாம் ஒரே நாளில் தொலைந்துபோயின. எனக்குத் தனிமை என்று உனக்கு இப்போதுதான் உறைத்ததா? உன் அப்பா போய்ச் சேர்ந்த புதிதில் உறைக்கவில்லையே. நான் ஒண்டியாக இருக்கிறேன் என்ற கவலையில் நீ கூப்பிடவில்லை. நான் ஒண்டியாக இல்லையே என்ற கவலையில் கூப்பிட்டாய். வீட்டைப் பூட்டினால் அவள் தெருவுக்கு வருவாள், தானாக ஊருக்குப் போய்விடுவாள், உன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொல்லை தீரும். உன்னைப் பெற்றவளுக்கு இந்தக் கணக்குக் கூடவா புரியாது?

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். உனக்கு முதல் வேலை ஆத்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு ஊரில் கிடைத்தது. நீ தமிழோடு தெலுங்கைக் கலந்து பேசுகிறாய் என்று அங்கே சிரித்தார்கள். நீ களியும் கீரைக் குழம்பும் கேட்டதற்கும் சிரித்தார்கள். முதல் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது வாய் மூடாமல் பேசினாய். நான் சமைக்கும்போது பேசினாய், குளிக்கும்போது கதவுக்கு அந்தப்பக்கமிருந்து பேசினாய், கொட்டகையில் மாட்டிடம்கூடப் பேசினாய். உன் அப்பா, “என்னாடா ஆச்சு ஒனக்கு?” என்று கேட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டாய். “பகலெல்லாம் புள்ளைங்களுக்குக் கத்துறேன்ப்பா. ஆனா ஒருத்தர்கிட்டயும் பேசறதில்ல. சோறு திங்கறப்பகூட வான்னு ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க” என்றாய். மீசை வைத்த பிள்ளை அப்படி அழுததைப் பார்த்து, அந்த ஊர் ஆசிரியர்களை, முகம் தெரியாத அந்த மனிதர்களை, வாயில் வந்தபடி திட்டித் தீர்த்தேன். அந்தத் திட்டையெல்லாம் இப்போது உனக்கே திருப்பித் தரவேண்டி வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே தலைமையாசிரியராக வந்தபோது முதல் வேலையாக மோர் முறை வைத்தாய். அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? மத்தியானம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் சோற்று டப்பாவைத் திறக்கக்கூடாது, எல்லாரும் ஆசிரியர் அறையில் ஒன்றாக உட்கார வேண்டும், அவரவர் சோறு அவரவருக்கு, மோர் மட்டும் பொது என்றாய். ஆளுக்கு ஒரு கிழமை, முறை வந்தவர் எல்லாருக்குமாக ஒரு பானை மோர் கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை உன் முறை. அதற்கு மோர் நம் வீட்டிலிருந்துதான் போகிறது, நம் மாட்டுப் பால்தான். சென்னப்பா காலையில் வந்து பானையை எடுத்துப் போவான், சாயங்காலம் கழுவிக் கொண்டுவந்து வைப்பான். ஒரு தடவை கூட அதில் மிச்சம் இருந்ததில்லை. கன்னடக்காரர், தெலுங்குக்காரர், சேலத்துக்காரர் எல்லாரும் ஒரே பானையில் மொண்டு குடிக்கிறார்கள் என்று மேலதிகாரி வந்து பார்த்துவிட்டுப் புகழ்ந்ததை என்னிடம் வந்து சொன்னாய். பட்ட கஷ்டம் வீண்போகவில்லை, என் மகனுக்கு மனசு விரிந்திருக்கிறது என்று நானும் பைத்தியக்காரி போல நம்பினேன்.

அப்புறம் மரகதம் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், டிரெயினிங் முடித்து முதல் வேலை. டிரங்குப் பெட்டியும் கையுமாக என் வாசலில் வந்து நின்றபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. களைப்புதான் இருந்தது. எல்லாரும் கேட்ட கேள்வியை நானும் கேட்டேன். “நீங்க என்னா ஆளுங்கம்மா?” என்றேன். வீடு கொடுக்கிறவள் கேட்கத்தானே செய்வாள் என்று அப்போது நினைப்பு. அவள் என்னை நேராகப் பார்த்து, “சொன்னா வீடு தருவீங்களாம்மா, சொல்லாட்டா தருவீங்களா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சாவியை எடுத்துக் கையில் கொடுத்தேன். இன்றுவரை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலே பால் கறக்கிறோம், சமைக்கிறோம், சண்டைகூடப் போடுகிறோம். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

உன் கணக்கு வாத்தியாரும் அதையேதான் கேட்டார் என்று சென்னப்பா சொன்னான். அவளும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்றோடு முடிந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. நீங்கள் எல்லாம் படித்தவர்கள் அல்லவா? அவள் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கும். அவள் ஏதாவது கேட்டால் அவள் பேசுவது போலவே இழுத்து ஒருவர் பதில் சொல்வார், மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். மத்தியானம் உட்கார அவளுக்குப் பலகை இருக்காது. மோர் முறையில் அவளுக்குக் கிழமை இல்லை. எனவே அவள் தன் வகுப்பிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நீ தலைமையாசிரியர். ஒரு வார்த்தை, “டீச்சர், அடுத்த வாரம் ஒரு நாள் நீங்க மோர் கொண்டாறீங்களா?” என்ற ஒரே ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்திருந்தால் அத்தனையும் நின்றிருக்கும். உன்னால் முடியாதா? முடியும். உனக்கு மனசில்லை. கணக்கு வாத்தியார் முகம் சுளித்துவிடுவாரோ என்ற பயம் உனக்கு. ஆத்தூர்ப் பக்கம் யாரிடம் அடிபட்டாயோ, அவர்கள் பக்கத்திலேயே இப்போது பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறாய்.

தனியாகக் கிடப்பவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று எனக்குச் சொல்லித் தந்தவள் எதிர்வீட்டு நஞ்சம்மா. அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனவள் இல்லை. மத்தூர்ப் பக்கத்திலிருந்து நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்தத் தெருவில் ஒரு பக்கம் கன்னடம், இன்னொரு பக்கம் தெலுங்கு. எனக்கு இரண்டும் தெரியாது. மாமனார் மாமியார் இல்லாத வீடு. உன் அப்பாவுக்கு மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை, வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பேசிப் பேசி வளர்ந்த எனக்கு வாய் ஒட்டிப்போயிற்று. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் நஞ்சம்மா கிண்ணத்தோடு வந்து, “ஸ்வல்ப ஹெப்பு கொடு தாயி” என்றாள். கிண்ணத்தையும் பாலையும் சைகையில் காட்டின பிறகுதான் உறை மோர் கேட்கிறாள் என்று புரிந்தது. மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்க மாட்டார்கள் என்பதால் பொழுது இருக்கும்போதே வந்துவிடுவாள், உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள். அப்படித்தான் எனக்குக் கன்னடம் வந்தது, அவளுக்குத் தமிழ் வந்தது, இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், உறியில் சட்டி சட்டியாகத் தயிர். “இவ்ளோ வச்சிக்கினு என்னாத்துக்குடி எங்கிட்ட வந்தே?” என்று கேட்டேன். “நான் எதனா குடுத்திருந்தா வாங்கிக்கினு கதவச் சாத்திக்கியிருப்பே. கேட்டதாலதானே தொறந்தே?” என்றாள். இரக்கப்பட்டு எதையும் கொடுக்காமல், என்னிடம் வந்து கேட்டாளே, அதில்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன். உன் மோர் முறையிலும் இருப்பது அதுதானே? அதைச் செய்யத் தெரிந்தவன் நீ. தெரிந்திருந்தும் செய்யாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வியாழக்கிழமை நடந்ததற்கு வருகிறேன். அவளுக்கு உங்கள் முறை வைப்பதெல்லாம் அங்கே யாரும் விளக்கிச் சொன்னதில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் ஊர்ப்பக்கம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கொண்டுவந்து வைப்பார்களாம், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். இத்தனை நாள் நாமாக ஒன்றும் கொண்டுபோகவில்லையே, அதனால்தான் நம்மை அழைக்கவில்லை போலிருக்கிறது என்று குற்றத்தைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள், பாவி. விடியும் முன்பே எழுந்து, என்னிடம் கேட்டு ஒரு சின்னப் பானையில் மோர் எடுத்து, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு தூக்கிப் போனாள். போகும்போது, “டம்ளர் அங்ஙன இருக்கும்லாம்மா?” என்று ஒரு கவலை வேறு. எனக்குள் ஏதோ இடித்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பானை அப்படியே திரும்பி வந்தது. கழுத்து வரைக்கும் மோர். “என்னாம்மா, யாரும் குடிக்கலியா?” என்றேன். “உப்புக் கூடிப்போச்சு போலம்மா” என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய், முழுப் பானையையும் வாழைக்கு ஊற்றினாள். அடியில் தங்கின கொஞ்சத்தை நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது. மறுநாள் சென்னப்பாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “பானைய வச்சாங்கம்மா. யாரும் டம்ளர் எடுக்கல. கணக்கு வாத்தியாரு நம்ம ஐயா மூஞ்சியப் பாத்தாரு. ஐயா எழுந்து, ‘இன்னிக்கு உங்க முறை இல்லீங்களே டீச்சர்’ன்னாரு. அவங்க சரிங்க சார்னுட்டுத் தூக்கிக்கினு போயிட்டாங்க.” முறை வைத்தவன் நீ. சேர்ந்து சாப்பிடத்தான் முறை வைத்தாய். அதையே எடுத்து அவள் முகத்தில் அடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது? உன் வாயால் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நீங்கள் செய்வதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்களா? நேற்றுச் சனிக்கிழமை, லீவு. நம் வாசல் புங்கமரத்தடியில் பெண் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்து கொட்டாங்குச்சியில் மண்ணைப் போட்டுச் சாப்பிடுவது போல ஆட்டம். ஒரு பெண்ணை மட்டும் தள்ளி, சுவரைப் பார்க்க உட்கார வைத்திருந்தார்கள். “இது என்னா ஆட்டம்டி?” என்று கேட்டேன். “இஸ்கூல் ஆட்டம் ஆயா. அவதான் மரகதம் டீச்சரு” என்றாள் ஒருத்தி. சுவரைப் பார்த்திருந்த பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு இன்னொருத்தி சொன்னாள்: “அழுவாதடி. டீச்சரு அழுவ மாட்டாங்க.” பூகோளமும் கணக்கும் அவர்கள் மறந்துபோவார்கள். ஒரு மனுஷியை எப்படி ஒதுக்கி உட்கார வைப்பது என்று நீங்கள் எல்லாரும் தினமும் மத்தியானம் நடத்துகிற பாடத்தை மட்டும் அவர்கள் மறக்க மாட்டார்கள். நாளைக்கு அதே பெண்கள் வளர்ந்து எந்த ஆபீசுக்குப் போனாலும், எந்த வீட்டுக்கு மருமகளாகப் போனாலும், சுவரைப் பார்க்க உட்கார வைக்க ஒருத்தியைத் தேடுவார்கள். அல்லது தாங்களே உட்காருவார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது மரகதம் நடையில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு, “ஊருக்கே போயிரலாம்னு இருக்கேம்மா. திங்கக்கிழமை எழுதிக் குடுத்திருதேன்” என்றாள். அவள் குடும்பத்திலேயே படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். திரும்பிப் போனால், படித்து என்னத்தைக் கிழித்தாய் என்றுதான் வரவேற்பார்கள். அவளுக்குப் பின்னால் அந்த வீட்டிலிருந்து எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். அவள் ராஜினாமாவைக் கையில் வாங்கி, நெற்றியைச் சுருக்கி, “ரொம்ப வருத்தமா இருக்குங்க டீச்சர்” என்று நீ சொல்லப்போகும் காட்சி எனக்கு இப்போதே தெரிகிறது. அதை நினைத்தால் உன்மேல் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி எழுத எனக்கு வலிக்காது என்று நினைக்காதே. வலிக்கிறது, அதோடுதான் எழுதுகிறேன்.

எனவே என் முடிவைக் கேட்டுக்கொள். வீட்டைப் பூட்ட மாட்டேன். உன் தனி ரூமில் நீ நெல் மூட்டை அடுக்கிக்கொள். அவளிடமும் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் எதையும் எழுதக்கூடாது என்று. அவள் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதை உனக்குச் சொல்லவேண்டாம் என்றுதான் அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறுகிறேன், பாவம் என்னோடு போகட்டும். என் தோள் தூக்க முடியவில்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? மத்தை என்னால் பிடிக்க முடியாமல் போய் ரொம்ப நாளாகிறது. அவள் இந்த வீட்டுக்கு வந்த மாசத்திலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் உன் முறைக்கு வரும் மோரைக் கடைவது மரகதம்தான். பாலுக்கு உறை ஊற்றுவது அவள், கடைவது அவள், உப்புப் போட்டுக் கலக்குவது அவள். சென்னப்பா வரும்போது பானையைத் தூக்கிக் கொடுப்பதும் அவள். உன் கணக்கு வாத்தியார், “தலைமையாசிரியர் வூட்டு மோருன்னா மோருதாங்க” என்று சொல்லிச் சொல்லி இரண்டாம் டம்ளர் வாங்கிக் குடிக்கிறாராமே? அவரிடம் சொல், அது அவள் கை மோர் என்று. திங்கட்கிழமை இனித்தது வியாழக்கிழமை எப்படிக் கசந்தது என்று கேட்டு எனக்குச் சொல்.

நாளைக்குத் திங்கட்கிழமை. சென்னப்பாவைப் பானைக்கு அனுப்பாதே. இப்போது பின்கட்டில் மரகதம் பாலுக்கு உறை ஊற்றிக்கொண்டிருக்கிறாள். காலையில் அவள் கடைவாள், மத்தியான மணி அடித்ததும் நானும் அவளும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பானையோடு உன் ஆசிரியர் அறைக்கு வருவோம். பலகை இல்லை என்றால் தரையில் உட்காருவோம். அவளுக்கு எந்தக் கிழமை என்று நீ உன் வாயால், எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். கொடுக்கிறேன் என்று சொல்லாதே, கொண்டுவருவீர்களா என்று அவளிடம் கேட்க வேண்டும். முதல் டம்ளரை உனக்குத்தான் ஊற்றுவாள். நீ கையை நீட்டினால், என் தோள் எவ்வளவு வலித்தாலும் உன் கிரகப்பிரவேசத்துக்கு வந்து நானே பால் காய்ச்சுகிறேன். நீட்டாவிட்டால், அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவோம். அதற்கப்புறம் நீ என் வாசலில் சைக்கிளை நிறுத்த வேண்டிய அவசியமே இருக்காது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்